பௌத்தம் தத்துவமா, மதமா?

(மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைக் கிராமமொன்றில், வாசிகசாலை இளைஞர்கள் வெசாக் வாரத்தில் கூட்டிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு.)

   

பௌத்தத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வூர் இளைஞர்கள் என்னை அணுகியபோது, "தம்பிமாரே, நான் எச்சமயத்தையும் நம்பாதவன் என்பது உங்களுக்குத் தெரியுமே, என்னிடம் வரலாமா?" என்று கேட்டேன். "தெரிந்துதான் ஐயா வந்திருக்கிறோம்" என்றார்கள். அவ்விடை எனக்குப் பிடித்திருந்தது. நம்புகிறவர் பேசினால் அது துதியாக முடியும்; பகைக்கிறவர் பேசினால் வசையாக முடியும். ஐயுறுகிறவனுக்கு இரண்டும் கைவராது. ஆதலால் இங்கு சிலர் எதிர்பார்த்து வந்திருக்கும் வசை என்னிடமிருந்து வராது; வேறு சிலர் எதிர்பார்க்கும் பணிமொழியும் அளவோடுதான் வரும்.

கொழும்பிலே படித்த சிங்கள அன்பர்களோடு உரையாடும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுவதைக் கேட்டிருக்கிறேன். "பௌத்தம் மதமன்று, அது ஒரு தத்துவம்" என்பதே அது. மேல்நாட்டாரும் இதையே சொல்லுகின்றனர். நம்மிடையேயுள்ள பகுத்தறிவாளர் பலரும், கடவுளைத் தேடாத பேராசான் என்று புத்தரைப் போற்றிவிட்டு, ஏனைய சமயங்களை நோக்கித் தொடுக்கும் கேள்விகளைப் பௌத்தத்தின் வாயிலில் மட்டும் இறக்கிவைத்துவிடுகின்றனர். வல்பொல ராகுல தேரர் 1959இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, புத்தரின் போதனைகளை விளக்கும் புகழ்பெற்ற நூலில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார். மதமா, தத்துவமா என்று பலரும் கேட்கின்றனர். எப்பெயரிட்டு அழைத்தாலென்ன, பொருள் மாறப்போவதில்லை என்பது அவர் கருத்து.

பெயர் எதுவாயினும் ஆகுக என்று சொல்லுவது ஒரு துறவிக்கு எளிது. இந்த வாவியின் கரையில் வாழும் நமக்கு அது எளிதன்று. ஏன் எளிதன்று என்பதைச் சொல்லவே வந்தேன். அதற்கு முன்பு, தத்துவம் என்ற கோலத்திலேயே பௌத்தத்தை முதலிற் பார்த்துவிடுவோம், அதுதான் நியாயம்.

கேசபுத்தம் என்னும் ஊரிலே காலாமர் என்போர் புத்தரிடம் முறையிட்டனர். வருகின்ற ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் கொள்கையை உயர்த்திப் பிறர் கொள்கையைத் தூற்றுகின்றனர், யாரை நம்புவது? கேள்விப்பட்டதென்பதாலோ, மரபென்பதாலோ, நூலில் உள்ளதென்பதாலோ, சொல்லுகிறவர் நம் குரு என்பதாலோ ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பது புத்தர் அளித்த விடை. அதே உரையின் முடிவில் இன்னும் வியப்பான ஒன்று உண்டு. மறுமை உண்டாயின் நல்லவனுக்கு அங்கே நன்மை; மறுமை இல்லையாயினும் அவனுக்கு இங்கேயே பகையற்ற, துயரற்ற வாழ்வு. சமயநூல்களுள் "இல்லையாயினும்" என்ற சொல்லுக்கு இடமளித்தவை மிகச் சில. இதனைப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அந்த ஐயத்தைப் பௌத்தம் தன் சொந்தக் கொள்கையின்மீது செலுத்தியதா? ஆன்மா என்று நிலையான ஒன்று இல்லை என்கிறது அனாத்ம வாதம். நல்லது, சைவ சித்தாந்தி மறுப்பார், நான் மறுக்கவில்லை. அப்படியானால் மறுபிறப்பு எடுப்பது யார்? மிலிந்த மன்னனுக்கு நாகசேன தேரர் கூறும் விடை யாவரும் அறிந்தது. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது சுடர் எதுவும் பெயர்ந்து செல்வதில்லை. ஆயினும் இரண்டாவது விளக்கு எரிகிறது. அழகான உவமைதான். ஆனால் விளக்கு ஏற்றும்போது திரியும் திரியும் தொடுவதை நாம் கண்ணாற் காண்கிறோம். இக்கரையில் ஒருவன் இறந்து, எங்கோ ஓர் ஊரில் ஒரு குழந்தை பிறக்கும்போது எந்தத் திரி எந்தத் திரியைத் தொடுகிறது? அக்குழந்தைக்கு இறந்தவனின் உடலுமில்லை, நினைவுமில்லை, ஆன்மாவுமில்லை. பிறகு அவன் செய்த பாவத்தை இது ஏன் சுமக்க வேண்டும்? அயலான் பட்ட கடனை என் பிள்ளையிடம் அறவிடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நமது வாவியிலே மீன் பாடுகிறது என்கிறார்கள். நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைக் காதில் வைத்தால் அவ்வொலி கேட்கும். பாடுவது மீனா, மட்டியா என்ற வழக்கு ஒருபுறமிருக்க, ஐயுறுகிறவன் எவனும் துடுப்பை எடுத்துக்கொண்டு சென்று தானே கேட்டுவரலாம். மறுபிறப்புக்கு அத்தகைய துடுப்பு எது என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலை வஞ்சி நகரிலே சமயவாதிகள் பலரையும் கேட்டு வருகையில், இறுதியாகப் பூதவாதியைச் சந்திக்கிறாள். கண்ணாற் கண்டதே உண்மை என்கிறான் அவன். அவள் நகைத்துத் தன் முற்பிறப்பறிவைக் குறிப்பிட, அதனை மயக்கமென்று அவன் தள்ளிவிடுகிறான். உன் தாய் தந்தையரை மட்டும் நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால் அன்றோ என்று மடக்குகிறாள் அவள். காப்பியத்தில் வெற்றி அவளுக்கே. ஆனால் சபையோரே, பூதவாதி என் கட்சிக்காரன். அவனுக்காக ஒரு வார்த்தை பேச எனக்கு உரிமையுண்டு. அனுமானத்தை அவன் தள்ளியது பிழையென்றே வைத்துக்கொள்வோம். மணிமேகலை தன் முற்பிறப்பை அறிந்தது அனுமானத்தாலா? மணிபல்லவத்துப் பீடிகையைக் கண்ட மாத்திரத்தில் அல்லவா அறிந்தாள்! தருக்கத்தைக் கையிலேந்தி வாதாடினாளேனும், அவளுடைய சொத்து அற்புதத்தால் வந்தது. அறவண அடிகள் வாயிலாகத் தமிழிலே பௌத்த அளவை நூலை அத்தனை நுணுக்கமாகப் பாடிய சாத்தனாருக்கே பீடிகையின்றிக் கதையை நடத்த முடியவில்லை என்றால், தத்துவம் தனித்து நின்றதுண்டா என்று ஐயுறுவதிலே தவறில்லை.

"அற்புதங்களெல்லாம் பிற்காலத்துக் கலப்படம், ஆதியிலே தூய தத்துவமே இருந்தது" என்று விடை கூறுவர். ஆதி எப்போது முடிந்தது? புத்தரின் ஈமத்தீ ஆறுவதற்குள்ளேயே அவருடைய எலும்பில் பங்கு கேட்டு அரசர்கள் நெருக்கியதாகவும், துரோணன் என்னும் பிராமணன் எட்டுப் பங்காக்கிச் சண்டையைத் தவிர்த்ததாகவும் பாளி நூலே கூறுகிறது. ஒரு சிந்தனையாளரின் வாதங்களை மாணவர் பங்கிட்டுக்கொள்வதுண்டு, எலும்பைப் பங்கிடுவதில்லை. மதம் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டதன்று, சிதையருகிலேயே நின்றது.

எலும்பைப் பேசும்போது பல்லையும் பேச வேண்டும். அந்தப் பல்லுக்கும் நீங்களும் நானும் நிற்கும் இந்த மண்ணுக்கும் ஓர் ஐதீகம் உண்டு. நான் சிறுவனாயிருந்தபோது அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மண்முனைத் துறையில் பாதையேறிக் கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்துக்கு வருவேன். 2014இல் பாலம் திறக்கப்பட்டபின் அந்தப் பாதை நின்றுபோயிற்று. பாதை நடு வாவியில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது உலகநாச்சியின் கதையை அம்மம்மா சொல்லுவார். எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்திலும் அக்கதை உண்டு. கலிங்கத்து அரசகுமாரி உலகநாச்சி புத்தருடைய பல்லைக் கூந்தலுள் மறைத்துக் கொண்டுவந்து மேகவர்ண மன்னனிடம் ஒப்படைத்தாள், மன்னன் மகிழ்ந்து கேட்ட வரமாக நிலம் ஈந்தான், அதுவே மண்முனை. பின்னர் கொக்கட்டி மரத்தை ஒரு வேடன் வெட்டியபோது குருதி பெருகியதைக் கேள்வியுற்று, அவ்விடத்தே தான்தோன்றீச்சரருக்குக் கோயில் எடுப்பித்தவளும் அவளே. பாளி மரபிலே இக்கதையின் நாயகியர் வேறு. ஏமமாலையும் தந்தகுமாரனும் பல்லைக் கொண்டுவந்தனர் என்பர். இவற்றுள் எது வரலாறு என்று தீர்ப்பளிக்க நான் நிற்கவில்லை. என்னை ஈர்ப்பது வேறொன்று. புத்தரின் பல்லை ஏந்திய அதே கை சிவனுக்குக் கோயில் எடுத்ததாக எண்ணிப் பார்க்க இவ்வூர்ப் பாட்டிமாருக்குச் சிறிதும் கூச்சமில்லை. இன்று அப்படியொரு கதையைப் புதிதாகக் கட்ட எவராலும் இயலாது.

ஏன் இயலாது? இங்கேதான் மகாவம்சத்துக்கு வருகிறோம். அந்நூலின் முதல் அதிகாரத்திலே புத்தர் மும்முறை இலங்கைக்கு வருகிறார். முதல் வருகையில் மகியங்கனத்தில் இயக்கர்களை இருளாலும் புயலாலும் நடுங்கச் செய்து, தாம் விரித்த ஆசனத்தைச் சுற்றித் தீயெழச் செய்து, அவர்களை வேறொரு தீவுக்கு அகற்றுகிறார். மூன்றாம் வருகையில் அவர் தங்கிய இடங்களுள் தீகவாபியும் ஒன்று. 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தோடு சேர்ந்திருந்து, பின் அம்பாறையாகப் பிரிக்கப்பட்ட பகுதியில் இன்று காட்டப்படும் இடமே அது. காலாமருக்குப் பொறுமையாய் விடையளித்தவரும், இயக்கரைத் தீயால் விரட்டியவரும் ஒருவரே என்று நம்ப என்னால் முடியவில்லை. முன்னவர் தத்துவத்தின் புத்தர். பின்னவர் இந்நாட்டு மதத்தின் புத்தர்.

இன்னும் இருபத்தைந்தாம் அதிகாரம் இருக்கிறது. துட்டகைமுனு வேலிலே தாது வைத்து, பிக்குகள் சூழப் போருக்குப் போகிறான். எல்லாளனை வென்றபின் கொன்று குவித்ததை எண்ணி உறக்கமின்றி வருந்துகிறான். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். அந்நூலில் என் மனத்தைத் தொட்ட இடம் அதுவே. ஆனால் எட்டு அரகந்தர்கள் வான்வழியே வந்து அவனைத் தேற்றுகின்றனர். நீ கொன்றது ஒன்றரை மனிதரை மட்டுமே. ஒருவன் திரிசரணம் ஏற்றவன், மற்றவன் பஞ்சசீலம் ஏற்றவன். மற்றையோர் பொய்க்கொள்கையர், விலங்குகளோடு ஒப்பிடத்தக்கோர் என்பது அவர்கள் தந்த ஆறுதலின் கருத்து. கொல்லாமையை முதற் சீலமாக வைத்த ஒரு நெறி, மனிதன் யார் என்ற கேள்விக்கே எல்லை போட்டுவிட்டது. "நான் இல்லை, எனது இல்லை" என்று தொடங்கிய தத்துவம், "நாம் உண்டு, இத்தீவு நமது" என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது எப்படி? இதனைத் தத்துவவாதிகள் விளக்க வேண்டும்.

ராகுல தேரரை மீண்டும் நினைவூட்டுகிறேன். பெயரில் ஒன்றுமில்லை என்று 1959இல் ஆங்கில வாசகருக்கு எழுதியவரே, 1946இல் பிக்குவின் உரிமை பற்றிச் சிங்களத்தில் ஒரு நூல் எழுதி, பிக்குமார் அரசியலிலே இறங்குவது அவர்களது பழைய மரபு என்று வாதாடினார். இரண்டு நூல்களும் படிக்கத் தகுந்தவை. ஒன்றைப் படித்தவர் மற்றதையும் படிக்க வேண்டும். அதன்பின் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். புத்த ஜயந்தி கொண்டாடப்பட்ட 1956இலேயே தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957இல் ஒப்பமிட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை, பிக்குமாரின் எதிர்ப்புக்கு நடுவே 1958 ஏப்பிரலில் கிழிக்கப்பட்டது. அதைக் கிழித்த பிரதமரையே 1959 செப்டெம்பரில் காவியுடுத்த ஒருவர் சுட்டார்.

"இவை மனிதரின் குற்றங்கள், தர்மத்தின் குற்றமல்ல" என்பர். இருக்கட்டும், ஒவ்வொரு சமயமும் இந்தச் சலுகையைக் கேட்கிறது. சட்டம் செய்தது யார் குற்றம்? 1947ஆம் ஆண்டு அரசியல் திட்டத்தின் 29(2)ஆம் பிரிவு, எச்சமயத்தாருக்கும் பிறருக்கில்லாத சலுகை எதுவும் சட்டத்தால் அளிக்கலாகாது என்றது. 1972இன் குடியரசு யாப்பு அதனை ஒழித்து, 6ஆம் பிரிவிலே பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்து, அதைப் பேணி வளர்ப்பது அரசின் கடமை என்றது. 1978இன் யாப்பு 9ஆம் உறுப்புரையிலே பேணப்பட வேண்டியது புத்த சாசனம் என்று மாற்றி எழுதிற்று. தர்மம் என்றால் போதனை. சாசனம் என்றாலோ விகாரை, சங்கம், தாது, காணி எல்லாம் அதனுள் அடங்கும். 2003இல் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்க வந்த மசோதாவை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், கிறித்தவத்தைப் பரப்புவது பௌத்தத்தின் இருப்புக்கே ஊறாகும் என்று கண்டது. ஒரு கன்னியர் சபையால் இருப்பு குலையக்கூடிய தத்துவம் எத்தகைய தத்துவம்? ஐன்ஸ்டைனின் கொள்கைக்கு எந்த நாட்டு யாப்பிலும் முதலிடம் இல்லை; அது வாழ்கிறது.

எனவேதான் பெயர் முக்கியமாகிறது. தத்துவமாக வந்தால் வாதத்தில் அமர வேண்டும். தோற்கவும் தயாராக வேண்டும். மதமாக வந்தால் ஏனைய மதங்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். கேள்வி கேட்டால் "நாங்கள் மதமல்ல" என்றும், காணி கேட்கும்போது "நாங்களே முதல் மதம்" என்றும் சொல்லுவது ஒரே ஆளுக்கு இரண்டு பங்கீட்டு அட்டை எழுதுவதுபோலாகும்.

காணி என்றேன். 2020 ஜூனிலே கிழக்கு மாகாணத் தொல்பொருள்களைப் பேணவென்று சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைவர், பிக்குமார் உறுப்பினர், தமிழ் பேசுவோரே பெரும்பான்மையாய் வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில் தொடக்கத்திலே தமிழரோ முஸ்லிமோ ஒருவருமில்லை. மண்ணுக்கடியில் புத்தர் சிலை கிடைத்தால் மேலேயுள்ள காணி யாருடையது என்ற ஐயம் எழுந்துவிடுகிறது. இதே மாகாணத்தில், திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயருண்டு. அங்கே கொடையளித்தவர்கள் பதினோராம் நூற்றாண்டில் தமிழிலே கல்வெட்டினர். மண்ணுக்கடியிலுள்ள புத்தர் எந்த மொழி பேசினார் என்று சிலையைப் பார்த்துச் சொல்ல இயலாது.

நம் பக்கத்தையும் பேசாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். மாணிக்கவாசகர் தில்லையில் ஈழத்துப் பௌத்தரை வென்ற கதையை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். எப்படி வென்றார்? எதிரிகளின் நா ஊமையாயிற்று. ஊமைப் பெண் பேசினாள். எதிரியின் வாயை அடைப்பதற்கு வாதமென்று பெயரா? கொக்கட்டிச்சோலையில் போர்த்துக்கேயன் முன்னே கல் நந்தி எழுந்து புல் தின்ற கதையை அம்மம்மா சொன்னபோது, "ஏன் அம்மம்மா, அதற்குப் பிறகு தின்னவில்லை?" என்று கேட்டு அடி வாங்கியவன் நான். "சைவ சித்தாந்தம் உலகின் ஒப்பற்ற தத்துவம்" என்று மேடையில் முழங்குகிறோம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் மனிதரை மறித்து நின்றபோது எந்தச் சித்தாந்தம் நின்றது? நமது தேசத்துக் கோயில்களிலே எந்தக் குடிக்கு எந்த வரிசை, யாருக்கு முதல் திருநீறு என்று எழுகின்ற வழக்குகளில் முப்பத்தாறு தத்துவங்களுள் எதுவும் சாட்சிக்கு வருவதில்லை. பிறரிடம் கேட்கும் கேள்வியை நம் வீட்டிலும் கேட்க வேண்டும்.

என் வாதத்துக்கு எதிராக வலுவான சாட்சி ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். 1950இல் கொழும்பு வந்து பௌத்த மாநாட்டைக் கண்டு சென்ற டாக்டர் அம்பேத்கர், 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியிலே இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். இங்கே புத்தரின் பெயரால் ஒரு மொழி தாழ்த்தப்பட்ட அதே ஆண்டில், அங்கே புத்தரின் பெயரால் தாழ்த்தப்பட்ட மக்கள் நிமிர்ந்தனர். அவர் எழுதி மறுஆண்டு வெளிவந்த நூலில், முற்பிறப்பு வினையே இப்பிறப்பின் இழிவுக்குக் காரணம் என்ற கோட்பாட்டை அவர் ஏற்கவில்லை; சாதிக்குத் துணைபோகும் கோட்பாடு புத்தருடையதாக இருக்கவியலாது என்பது அவர் துணிபு. சென்னையிலே அயோத்திதாச பண்டிதர் 1898இலேயே இவ்வழியை மிதித்தவர். தத்துவத்தை அறுத்துச் சீர்செய்த அம்பேத்கரும் ஒரு புத்தகத்தோடு நிற்கவில்லை. தீட்சை வேண்டியிருந்தது, இருபத்திரண்டு உறுதிமொழிகள் வேண்டியிருந்தன. வெறும் வாதத்தைக் கையில் கொடுத்து ஒருவனைச் சாதிக்கிணற்றிலிருந்து தூக்கிவிட முடியாது என்று அவர் கண்டார் போலும். ஐயுறுகிறவனாகிய எனக்கு இது உறுத்துகிறது. மதம் வேண்டாம், தத்துவம் போதும் என்று சொல்ல நான் வந்தேன்; நாகபுரியை நினைத்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல நா எழவில்லை. ஆனால் நாகபுரியில் கூடியோர் அரசிடம் முதலிடம் கேட்கவில்லை, சேனையோடு வரவுமில்லை. அந்த வேறுபாட்டை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நேரம் கடந்துவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசிகசாலைக்கு இரண்டு விண்ணப்பங்கள். இங்குள்ள அலுமாரியில் மணிமேகலையும் இல்லை, மகாவம்சமும் இல்லை. இரண்டையும் தமிழில் வாங்கி வையுங்கள், ஒன்றுக்கு அருகில் ஒன்றாக. அடுத்த வெசாக்குக்கு, தமிழ் அறிந்த பிக்கு ஒருவரை இந்த மேடைக்கு அழையுங்கள். சைவப் பெரியார் ஒருவரையும் அழையுங்கள். ஒரு விளக்கிலிருந்து மற்ற விளக்குக்குப் போவது என்ன என்ற கேள்வியை நான் முன்வரிசையிலிருந்து கேட்கிறேன். பிக்குவுக்குச் சாப்பாடு பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னர் கொடுக்க வேண்டும் என்பதைத் தம்பிமார் மறந்துவிட வேண்டாம்.